கையெழுத்தின் பின்பக்கம்

ஒரு ஜெர்மன் ஜெனரலின் பட்டாள வாழ்க்கை எனக்குத் தலைகீழ்ப் பாடம். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மூன்றாவது மகன். பதினெட்டு வயதில் குதிரைப்படையில் சேர்ந்தான். முதல் யுத்தத்தில் இடது தொடையில் குண்டு பட்டு ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். யுத்தம் தோற்றுப் பட்டாளத்தைச் சுருக்கியபோது வீட்டுக்கு அனுப்பப்படாத கொஞ்சப் பேரில் அவனும் ஒருவன். குதிரையிலிருந்து இறங்கி டாங்கியில் ஏறினான். கப்டன், மேஜர், கர்னல் என்று எந்த மாதம் எந்தத் தேதியில் எந்தப் படி ஏறினான் என்பதெல்லாம் இன்றைக்கும் என் விரல்களில் இருக்கிறது. மனைவிக்குப் பிரசவம் என்று அவன் நான்கு நாள் லீவு எடுத்ததைக்கூட நான்தான் டைப் அடித்தேன், மூன்று கார்பன் பிரதிகளோடு.

'அவர்' என்று போடக்கூடாதா என்று கேட்பீர்கள். மனம் வரவில்லை. மரியாதை குறைகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் அப்பாவும் அவன் ஜெனரலாக வந்த இரண்டாம் யுத்தத்தில் இருந்தவர்தான். அவர் பட்டாளத்தில் சேர்ந்த தேதி ஒன்றே ஒன்றுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. அந்த ஒரு தேதிக்காக எட்டு மாதம் நான் ஜெனரலின் தேதிகளை அடித்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு, ஹந்தானையில், கண்டி டவுனுக்கு மேலே. யுத்த காலத்தில் ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற நேரத்தில், தோட்டத்துத் துரை காக்கி உடுப்போடு வந்து நின்றாராம். வரிசையோடு நடந்து, கைத்தடியால் தொட்டுத் தொட்டு முப்பது பேரைத் தெரிந்தெடுத்தாராம். எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. துரை தொட்டால் போக வேண்டும், அவ்வளவுதான். மலையில் கொழுந்து மூட்டை தூக்கியவர்கள் எகிப்துப் பாலைவனத்தில் பெற்றோல் பீப்பாய் தூக்கினார்கள். துப்பாக்கி கொடுக்கவில்லை. ரோடு போட, கூடாரம் அடிக்க, துரைமாருக்குத் தேத்தண்ணி ஊற்ற ஆள் வேண்டியிருந்தது. எங்கள் துரை அங்கே மேஜர்.

அப்பா மூன்று வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்தார். எனக்கு அப்போது ஆறு வயது. யாரோ ஒரு மாமா வந்திருக்கிறார் என்று நினைத்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். பட்டாளத்தில் போட்ட ஒரு காக்கிக் களிசானும், கைக்கு அடக்கமான ஒரு பட்டாளத்துப் புத்தகமும் கொண்டுவந்திருந்தார். புத்தகத்தில் முதல் தாள் இல்லை. அதைப்பற்றி யாரும் அப்போது யோசிக்கவில்லை.

பிறகு சுதந்திரம் வந்தது. வந்த கையோடு எங்களை இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்றார்கள். வேண்டுமென்றால் மனுப் போடு, இத்தனை வருடம் இடைவிடாமல் இந்த நாட்டில்தான் இருந்தாய் என்று நிரூபி என்றார்கள். இடுப்புக் குழந்தையாக வந்து, நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்த மலைக்கு முதுகைக் கொடுத்தவர் என் அப்பா. அவர் நிரூபிக்க வேண்டுமாம். அதையும் செய்வோம் என்று மனுப் போட்டோம். ஏழெட்டு வருடம் கழித்துத்தான் கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன்.

ஒரு சிங்கள உத்தியோகத்தர் இருந்தார். மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். தோட்டத்தில் தினமும் வேலைப் பேர் பதிகிற செக்ரோல் மேசையில் விரித்துக் கிடந்தது. மூன்று வருடத்துக்கு அதில் அப்பாவின் பெயர் இல்லை.

"இந்த மூண்டு வருஷமும் எங்கை நிண்டனீர்? இந்தியாவுக்குப் போனனீரோ?" என்று கேட்டார் யாழ்ப்பாணத்து ஐயா.

"பட்டாளத்துல இருந்தேங்க அய்யா."

"அதுக்கு அத்தாட்சி?"

அப்பா மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். உத்தியோகத்தர் புரட்டிப் பார்த்தார். தடுப்பூசி போட்ட தேதிகள் இருந்தன, சப்பாத்துக் கொடுத்த தேதிகள் இருந்தன. யாருக்குப் போட்ட ஊசி, யாருடைய கால் சப்பாத்து என்று எந்தத் தாளிலும் இல்லை. ஆளின் பெயர், இலக்கம், சேர்ந்த தேதி எல்லாம் இருக்க வேண்டிய முதல் தாளைக் காணோம். அந்த உத்தியோகத்தர் மோசமான ஆள் என்று சொல்ல மாட்டேன். முதல் தாளைக் கொண்டுவா, இல்லையென்றால் உன் மேலதிகாரியிடம் கடிதம் வாங்கி வா என்று தவணை கொடுத்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன், அந்தத் தாள் எங்கே என்று.

"தொரகிட்ட இருக்கு தாயி. பத்திரமா இருக்கும்," என்றார் அப்பா.

எங்கள் ஆட்களின் புத்தி அது. தோட்டத்தில் எந்தக் காகிதமும் எங்கள் கையில் தங்காது. பிறந்த துண்டானாலும் வேலைத் துண்டானாலும் தோட்டத்துக் கந்தோரில்தான் கிடக்கும். துரையிடம் இருந்தால் கறையான் அரிக்காது, மழையில் நனையாது என்று நம்பி நம்பியே ஒரு சனம் முழுக்கக் காகிதம் இல்லாமல் நின்றது.

எங்கள் பக்கத்து லயத்துக்காரர் ஒருவருக்கும் செக்ரோலில் இரண்டு வருடம் ஓட்டை. அவர் உண்மையிலேயே இந்தியாவுக்குத்தான் போயிருந்தார், தங்கச்சி கல்யாணத்துக்கு. கெலிஓயாவில் எங்களுக்கெல்லாம் அரிசி சாமான் தருகிற முஸ்லிம் முதலாளி கந்தோருக்கு வந்து, அந்த இரண்டு வருடமும் இவர் என் கடையில்தான் மூட்டை தூக்கினார் என்று சாட்சி சொன்னார். பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அதே முதலாளி அப்பாவையும் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஒங்களுக்கும் நான் சொல்றேன். அல்லாஹ் என்னய மன்னிப்பான். ஒங்கள வெளிய அனுப்புறவன மன்னிக்க மாட்டான்."

அப்பா தலையை ஆட்டி மறுத்தார். "நான் ராஜாவுக்கு வேல செஞ்சவன் மொதலாளி. கள்ளன் மாதிரி அத ஏன் மறைக்கணும்?"

அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்காக என்னையே அறைய வேண்டும் போல் பிறகு எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது.

துரை தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, சீமைக்குப் போகாமல், கண்டி வாவிக்கு மேலே ஒரு பங்களாவில் தனியாக இருந்தார். புத்தகம் எழுதுகிறார், டைப் அடிக்க ஆள் தேடுகிறார் என்று தோட்டத்துப் பெரிய கிளார்க் சொன்னார். நான் டவுனில் டைப்பிங் படித்து முடித்திருந்த நேரம். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நீ போ தாயி. மெதுவா கேளு. தொர குடுத்துருவாரு," என்றார்.

முதல் நாளே அந்தத் தாளைக் கண்டுவிட்டேன். துரையின் மேசைக்கு எதிரே, சுவரில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் இருந்தது. பழுப்பேறிய சின்னத் தாள். ஒரு பக்க ஓரம் கிழிந்தது. அதில் குறுக்கே கறுப்பு மையில் ஒரு கையெழுத்து. ஜெர்மன் ஜெனரலின் கையெழுத்து அது என்றார் துரை. வருகிறவர்களை எல்லாம் அதற்கு முன்னால் நிறுத்திக் காட்டுவார். அவர் எழுதிய புத்தகமும் அந்த ஜெனரலைப் பற்றித்தான். எதிரியானாலும் கனவான், சதுரங்கம் ஆடுவதுபோல் யுத்தம் செய்தவன், பெற்றோல் தீர்ந்ததால்தான் தோற்றான் என்று துரை அறைக்குள் நடந்துகொண்டே சொல்லுவார், நான் அடிப்பேன். தன்னைச் சுட வந்தவன்மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். தன்னோடு வந்த முப்பது பேரில் ஒருவரின் பெயர்கூட அந்த எட்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து வரவில்லை.

கடிதங்கள் நிறைந்த ஒரு அலுமாரி இருந்தது. அதற்குள் ஒருநாள் பத்திரிகைத் துண்டு ஒன்று அகப்பட்டது. பாலைவனத்துக்கு வரும் முன்னால், வேறொரு நாட்டில், ஜெனரலின் ஆட்கள் ஒரு கிராமத்தை எரித்து ஆண்களை எல்லாம் சுவரோடு நிறுத்திச் சுட்டதாக அதில் இருந்தது. இது எந்த அத்தியாயத்தில் வருகிறது சேர் என்று கேட்டேன். துரை அதை வாங்கி மடித்து, பின்னிணைப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பின்னிணைப்பும் நான்தான் அடித்தேன். அதில் ஜெனரல் வாங்கிய பதக்கங்களின் பட்டியல் இருந்தது.

ஐந்தாம் மாதம் ஜெனரல் பிடிபடுகிற அத்தியாயம் வந்தது. கைதியை ஒரு கூடாரத்தில் உட்கார வைத்து, துரை காவலுக்கு இருந்திருக்கிறார். தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் குடித்துப் பேசி முடித்ததும், துரைக்கு ஞாபகமாக ஒரு கையெழுத்து வாங்க ஆசை. "என்னிடம் காகிதம் இல்லை," என்று துரை சொல்ல, அடித்தேன். "தேத்தண்ணி கொண்டுவந்த சிப்பாய், தன் புத்தகத்திலிருந்து ஒரு தாளை மனமுவந்து கிழித்துக் கொடுத்தான்."

என் விரல்கள் நின்றுவிட்டன.

அந்தச் சிப்பாய் என் அப்பா. விசாரணை நாளிலிருந்து அந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். துரை அப்பாவின் சட்டைப் பையில் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்து, முன்பக்கம் முழுக்க எழுதியிருக்க, பின்பக்கம் வெறுமையாக இருந்த முதல் தாளைக் கிழித்தார். "கேட்டா குடுக்காம இருக்க முடியுமா?" என்பார் அப்பா, கேட்டதே இல்லை என்பதை மறந்துவிட்டு. நான் 'மனமுவந்து' என்ற சொல்லை விட்டுவிட்டு, 'நான் கிழித்து எடுத்தேன்' என்று மாற்றி அடித்தேன். அடுத்த நாள் அது சிவப்புப் பென்சிலால் வெட்டப்பட்டு வந்தது. திரும்பவும் அப்படியே அடித்தேன். மூன்றாம் தடவை துரை கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

அன்றைக்குத்தான் வாய் திறந்தேன். அந்தச் சிப்பாயின் மகள் நான், அந்தத் தாள் இல்லாமல் அவருக்குப் பிரஜாவுரிமை இல்லை, தாளும் ஒரு கடிதமும் வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

துரை கோபப்படவில்லை. உன் அப்பா நல்ல மனிதன் என்றார். ஆனால் சட்டத்தைப் பிரித்தால் கையெழுத்துக்குச் சேதம் வரலாம், புத்தகத்தில் போட இன்னும் படம் எடுக்கவில்லை என்றார். கடிதமா, பதினைந்து வருடத்துக்கு முந்திய தேதிகளுக்கு நான் எப்படிச் சத்தியம் செய்வேன், என் ஞாபகம் அவ்வளவு நல்லதல்ல என்றார்.

"முதலில் புத்தகம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்."

ஜெனரலின் தொடைக் காயத்துக்கு எத்தனை தையல் என்று ஞாபகம் வைத்திருந்த மனிதர் இதைச் சொன்னார். அதே வாரம் ஜெனரலிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவன் இங்கிலாந்தில் ரோசாத் தோட்டம் உள்ள மாளிகையில் சிறையிருந்து, ஊருக்குத் திரும்பி, பென்சன் வாங்கிக்கொண்டு சுகமாக இருந்தான். "அந்த இந்தியச் சிப்பாயின் தேத்தண்ணியை நான் மறக்கவில்லை," என்று எழுதியிருந்தான். அவனுக்கும் என் அப்பா இந்தியன்தான். அந்த ஒரு விஷயத்தில் உலகம் முழுக்க ஒற்றுமையாக இருந்தது.

எட்டாம் மாதம் தவணை நாள் வந்தது. அன்று காலை நான் டைப் மெஷினை மூடி வைத்துவிட்டு, தாள் இல்லாமல் இனி ஒரு எழுத்தும் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கடைசி அத்தியாயம் பாதியில் நின்றது. துரை சட்டத்தை இறக்கி, தன் கையாலேயே பிரித்து, தாளை ஒரு உறையில் போட்டுத் தந்தார். சாயங்காலத்துக்குள் திரும்பி வர வேண்டும் என்றார்.

தாளின் முன்பக்கத்தை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன். அப்பாவின் பெயர், இலக்கம், உயரம், இடது புருவத்தில் தழும்பு, சேர்ந்த தேதி. கீழே அவருடைய பெருவிரல் ரேகை. வாவிக் கரையில் நின்று அழுதேன்.

கந்தோரில் உத்தியோகத்தர் உறையிலிருந்து எடுத்ததும் கண்ணில் பட்டது கையெழுத்துப் பக்கம். அது யாருடையது என்று கேட்டார். சொன்னேன். உடனே பக்கத்து அறைக்காரர்களைக் கூப்பிட்டார். நாலு பேர் தலையை நீட்டி ஜெனரலின் கையெழுத்தைப் பார்த்தார்கள், அந்த டாங்கிச் சண்டையைப் பற்றிப் பேசினார்கள். அப்பா விறைப்பாகக் கையைக் கீழே விட்டு நின்றுகொண்டிருந்தார். ஒரு கால்மணி நேரம் கழித்துத்தான் தாள் திரும்பியது. சேர்ந்த தேதி சரி, திரும்பி வந்த தேதி இதில் இல்லை, அதற்குத் துரையின் கடிதம் இரண்டு வாரத்துக்குள் வேண்டும் என்று சொல்லித் தாளை என் கையில் தந்துவிட்டார்.

நான் சாயங்காலம் வெறுங்கையோடு பங்களாவுக்குப் போனேன். தாளைக் கந்தோரில் வாங்கி வைத்துக்கொண்டார்கள் சேர், உங்கள் கடிதம் வந்தால்தான் தருவார்களாம் என்றேன். தாள் என் கைப்பைக்குள் இருந்தது.

அந்த மனிதர் துள்ளி எழுந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முகம் சிவந்துவிட்டது. அதே இடத்தில் நின்று, ஒரு டயரியையும் திறக்காமல், மூச்சுவிடாமல் கடிதம் சொன்னார். இன்னார் என் கீழ் சேவை செய்தார், இந்தத் தேதியில் கொழும்பில் கப்பல் ஏறினார், இந்தத் தேதியில் திரும்பி இறங்கினார், இடையில் ஒருநாளும் இந்தியாவில் கால் வைக்கவில்லை, விசுவாசமானவர், நான் சத்தியம் செய்யத் தயார். அப்பாவின் முழுப் பெயரும் சொன்னார். இலக்கத்தையும் சொன்னார். எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. எட்டு மாதமும் ஞாபகம் இருந்தது. நான் அடித்துக்கொண்டே பல்லைக் கடித்தேன். ஒரு பிழை விடாமல் அடித்தேன்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு. அதற்குள் அந்த உத்தியோகத்தர் மாற்றலாகிவிட்டார். புதிதாக வந்தவர் கடிதத்தை இரண்டு தடவை படித்து, ஒரு வசனம் சொன்னார். யாழ்ப்பாணத்து ஐயா என் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தார்.

"பிள்ளை, இடைவிடாமல் இந்த நாட்டிலை இருந்திருக்க வேணும் எண்டுதான் சட்டம். ஏன் போனவர் எண்டு சட்டம் கேக்கேல்லை. மூண்டு வருஷம் இவர் இஞ்சை இல்லை எண்டு துரையே எழுதிக் குடுத்திருக்கிறார். இனி நான் என்ன செய்ய?"

அப்பாவுக்கு விளங்கவில்லை. "தொர நல்லபடியா எழுதியிருக்காருல்ல?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் அப்பா, நல்லபடியாக எழுதியிருக்கிறார் என்றேன். இந்தியாவுக்குப் போனவருக்குக் கெலிஓயாவில் சாட்சி கிடைத்தது. போகாத என் அப்பாவை நான் தேடிப்பிடித்த சாட்சியே முடித்துவிட்டது. இதற்கு யாரைத் திட்டுவது? சட்டத்தை எழுதியவனை, துரையை, அந்த ஜெனரலை, பொய் சொல்ல மறுத்த அப்பாவை, என்னை. எல்லாரையும் திட்டியாகிவிட்டது. இன்னும் மிச்சம் இருக்கிறது.

நான் அதற்குப்பிறகு பங்களாவுக்குப் போகவில்லை. துரை கந்தோருக்கு மேலும் மூன்று கடிதம் எழுதினாராம், தாளைக் கேட்டு. அப்படி ஒன்று இங்கே இல்லை என்று பதில் போனதாம். புத்தகம் வெளிவந்தபோது டவுனில் ஒரு கடையில் நின்று புரட்டினேன். ஜெனரலின் கையெழுத்து ஒரு கந்தோரின் அலட்சியத்தால் தொலைந்துவிட்டது என்று அடிக்குறிப்பு இருந்தது. மனமுவந்து கொடுத்த சிப்பாய் அப்படியே இருந்தான்.

சில வருடம் கழித்து இரண்டு அரசாங்கமும் பேசி எங்களைப் பங்கு பிரித்தபோது, அப்பாவும் அம்மாவும் இந்தியப் பக்கம் விழுந்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்த ஒருவரைக் கட்டியதால் நான் தங்கினேன். பேராதனைச் சந்தி ஸ்டேஷனில் அவர்களை ரயில் ஏற்றினேன். அப்பா காக்கிக் களிசானை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார். ரயில் அசையும்போது ஜன்னல் வழியாகக் கேட்டார்:

"அந்தத் தாளத் தொரகிட்ட குடுத்துட்டியா தாயி? நாணயம் முக்கியம்."

"குடுத்துட்டேன் அப்பா."

அவரை நான் பிறகு பார்க்கவில்லை. நாலாம் வருடம் அங்கேயே இறந்துபோனார்.

தாள் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது, கண்ணாடிச் சட்டத்துக்குள். கையெழுத்துப் பக்கம் முழுக்கக் கோதுமை மாப் பசை தடவி, நானே அட்டையில் அழுத்தி ஒட்டினேன். வெளியே தெரிவது அப்பாவின் பெயர், இலக்கம், புருவத் தழும்பு, பெருவிரல் ரேகை. போன மாதம் பேராதனையிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்தார், யுத்த வரலாறு படிப்பிக்கிறவர். அந்த ஜெனரலின் கையெழுத்து என்னிடம் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பாவின் பக்கத்தை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. ஆவியில் காட்டினால் பசை விட்டுவிடும் அம்மா, பின்பக்கத்தை ஒருதடவை பார்க்க வேண்டும், அது சரித்திரம் என்றார்.

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"நானும் ஒரு புத்தகம் எழுதிக்கிட்டு இருக்கேன் தம்பி," என்றேன். "மொதல்ல அது முடியட்டும், பெறகு பாக்கலாம்."